அரைச் சுற்று

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள், மேடம். மூடிய அறையில் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும், தொழில் பழக்கம். தேநீருக்கு நன்றி. காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பிக் கூட்டிவந்த காவலர்கூட செருப்பு மாட்டிக்கொள்ள நேரம் கொடுத்தார். எனக்கு யார்மேலும் குறை இல்லை.

உங்கள் அவசரம் புரிகிறது. தையல்காரம்மா குளியலறையில் செத்துக்கிடந்தது நேற்று மத்தியானம்தான் தெரியவந்தது. அதேபோல இன்னும் ஆறு வீட்டுக் குளியலறைகள் இருக்கின்றன என்று ஜீப்பில் வரும்போது நான் சொன்னதிலிருந்து இங்கே யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலில் மூன்று பேர் வண்டியை ஸ்டார்ட் செய்தபடியே நிற்கிறார்கள். சொல்கிறேன். நான் விலாசங்களை எழுதிவைப்பவன் இல்லை, எல்லாம் மனப்பாடம். ஆனால் தேதி வரிசையில்தான் வரும். நடுவிலிருந்து ஒன்றை உருவினால் மொத்தமும் குழம்பிவிடும்.

முதல் வீடு தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த்த தெருவில், பச்சை கேட், மாடி. இரண்டாவது பேக்கரிக்கு மேலே, இடதுபக்கக் கதவு. எழுதிக்கொண்டீர்களா? உங்களுக்குத் தலைவலியா, மேடம்? நான் வந்ததிலிருந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

நான் கேஸ் கீசர் கம்பெனியில் சர்வீஸ் ஆள். ஏழு வருஷமாக வீடு வீடாகப் போய் கீசரைக் கழற்றி, துடைத்து, புகைக்குழாயை மறுபடி மாட்டிவிட்டு, ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறேன். இத்தனை வருஷத்தில் என் பெயரைக் கேட்டவர் கிடையாது. 'கீசர் தம்பி' என்பார்கள். நாற்பது வயதில் தம்பி. போன வருஷம்தான் எனக்கென்று ஒரு சைடு பிசினஸ் வேண்டும் என்று தோன்றியது. கம்பெனி வேலை முடிந்ததும் சொந்தமாக ரிப்பேர் பார்க்கலாம் என்று ஐந்நூறு கார்டு அடித்தேன். நீல எழுத்து, ஓரத்தில் ஒரு தண்ணீர்த்துளி. என் வீட்டுக்காரி தேர்ந்தெடுத்த படம்.

கார்டை நீட்டும்போது மனிதர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள். ஏதோ கையேந்த வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். ஒரு மாதம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்போதுதான் தொழில் முன்னேற்றம் பற்றிப் பேசும் ஒருவரை போனில் கேட்க ஆரம்பித்தேன். வண்டியில் போகும்போதெல்லாம் காதில் அவர்தான். தொழில் வளர வேண்டுமென்றால் முதலில் மனசு ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்பார். வேண்டாம் என்கிறவனுக்கு உன் தேவை இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான், அதற்காக நீ சுருங்கிப்போகாதே என்பார். அதை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். தினமும் பல் தேய்க்கும்போது படிப்பேன். மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து வயிறெரிவதை விட்டேன். கோபம் குறைந்தது. "ஆளே மாறிட்டீங்க" என்று வீட்டுக்காரி வாய்விட்டுச் சொன்னாள்.

ஆரம்பம் என் கைத்தவறுதான், சத்தியமாக. ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் புகைக்குழாய் வளையத்தை முழுக்க முறுக்காமல் வந்துவிட்டேன். அவர் கார்டையும் வாங்கவில்லை. ஆனால் கீசர் மூடியில் என் நம்பர் ஸ்டிக்கர் இருந்தது. நாலாம் நாள் போன் செய்து, குளித்தால் தலை சுற்றுகிறது, வந்து பார் என்றார். விழுந்தடித்து ஓடினேன். அரைச் சுற்று முறுக்கினேன், முடிந்தது. மனிதர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் வரலேன்னா நான் போய்ச் சேந்திருப்பேன்பா" என்றார். தெருவில் ஐந்து வீட்டில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். என் ஆயுளில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, மேடம். திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன்.

மூன்றாவது வீடு நூலகத்துக்குப் பின்னால், கீழ்த்தளம், வாசலில் பழைய சைக்கிள் நிற்கும். நான்காவது அதே தெருவில் கடைசி. உங்கள் போன் அதிர்கிறது. வீட்டிலிருந்துதான் போலிருக்கிறது, எடுத்துப் பேசுங்கள், நான் காத்திருக்கிறேன். வேண்டாமா? சரி.

வாத்தியார் விஷயத்துக்குப் பிறகு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். கார்டை வாங்கியவர்கள் வீட்டில் நான் எதையும் தொட்டதில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வாங்காதவர்கள் வீட்டில் மட்டும் அந்த வளையத்தை அரைச் சுற்று தளர்த்திவிட்டு வருவேன். புகை வெளியே போகாமல் குளியலறையிலேயே தங்கும். வாசனை தெரியாது. லேசாகத் தலை வலிக்கும், கிறுகிறுக்கும், அண்ணாந்து பார்த்தால் என் நம்பர். கூப்பிட்ட அத்தனை பேர் வீட்டுக்கும் அன்றைக்கே போய்ச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். ஒருவரைக்கூடக் காக்க வைத்ததில்லை. இந்த ஆறும் இன்னும் கூப்பிடாத வீடுகள்.

பேராசையும் கிடையாது. "ஏங்க, ரொம்ப அலையாதீங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்" என்றாள் வீட்டுக்காரி. அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம், அவளை இதில் இழுக்காதீர்கள். ஆனால் சொன்னது நியாயம். ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்கு மேல் நான் தளர்த்தியதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு. எங்கள் வீட்டிலா? அடுப்பில்தான் வெந்நீர் போடுகிறோம்.

தையல்காரம்மா தனியாக இருந்தவர். பத்து நாள் முன்பு போனபோது, இதோ, இந்தச் சட்டையில் இரண்டாவது பொத்தான் அறுந்து தொங்கியது. "இப்படியேவா ஊரெல்லாம் சுத்தறே?" என்று திட்டி உட்காரவைத்து, சட்டை என் உடம்பில் இருக்கும்போதே தைத்துக் கொடுத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு கார்டை நீட்டினேன். "எனக்கெதுக்குப்பா கார்டு? துணிக்குள்ள போட்டுத் தொலைச்சிடுவேன். நீதான் வருஷா வருஷம் வர்றியே" என்றார்.

மனசு கேட்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் ஆளைப் பார்த்து ஒழுங்கை மாற்ற ஆரம்பித்தால் தொழில் உருப்படுமா?

அவர் கூப்பிடவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். முந்தாநாள் சாயங்காலம் நானே போனேன். யாரும் கூப்பிடாமல் நானாகப் போன ஒரே வீடு அதுதான். கதவைத் தட்டினேன். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம். மறுபடி தட்டினேன். தண்ணீர் நிற்கவில்லை. கால் மணி நேரம் அந்தக் கதவுமுன் நின்றேன், அது ஓடிக்கொண்டே இருந்தது. பயந்துவிட்டேன், மேடம். பக்கத்து வீட்டு அழைப்புமணி வரைக்கும் விரலைக் கொண்டுபோனேன். அப்போது போனில் நான் கேட்பவர் சொல்வது நினைவுக்கு வந்தது, பதற்றத்தில் எந்த முடிவும் எடுக்காதே என்று. கண்ணை மூடி, மூச்சைப் பத்து முறை மெதுவாக இழுத்துவிட்டேன். படபடப்பு அடங்கியது. கதவுக்கடியில் ஒரு கார்டைச் செருகிவிட்டு வந்தேன். நனைந்து ஊறிப்போயிருந்தாலும் நம்பர் தெரிந்தது என்றீர்களே, அந்தக் கார்டுதான்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து வேலைக்குப் போனேன். ஒரு நாள் விட்டால் பழக்கமே போய்விடும்.

ஐந்தாவது வீடு, மருந்துக்கடைச் சந்து, இரண்டாம் மாடி. அந்த அம்மாவுக்குக் காது மந்தம், கதவை பலமாகத் தட்டச் சொல்லுங்கள்.

ஆறாவது, நேற்றுக் காலை போனது. தபால் நிலையத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பு, முதல் மாடி, கதவில் ஒரு குழந்தை ஒட்டிய பூனைப் படம். குளியலறையில் நீல பிளாஸ்டிக் முக்காலி கிடந்தது, சின்னது. கதவைத் திறந்தவர் மரியாதையான மனிதர், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "பாப்பா தினமும் ஏழரைக்குக் குளிக்கணும், அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். சொன்ன நேரத்துக்கு முடித்துவிட்டேன். கூடத்துச் சுவரில் உங்கள் படம் இருந்தது, இதே யூனிஃபார்மில். இந்த அறைக்குள் வந்ததுமே உங்களை அடையாளம் தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வேலையை வரிசையாக முடித்துத்தான் எனக்குப் பழக்கம்.

மணி ஏழு முப்பத்தைந்து.

எடுக்கவில்லையா? தண்ணீர் ஓடும்போது போன் அடிப்பது கேட்காது. இன்னொரு தடவை அடித்துப் பாருங்கள். மூச்சை மெதுவாக இழுத்துவிடுங்கள், மேடம். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. உங்கள் வீட்டுக்காரரிடமும் இரண்டு தடவை நீட்டினேன். ஒரு கார்டுதானே, வாங்கி வைத்திருக்கலாம்.