சின்னவன் பொறந்ததுலேர்ந்து

போன மாதம் ரெட்டியார்பாளையம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் பயிற்சிய எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார் அந்த அம்மா.

"புராஸ்டேட் ஆபரேஷனுக்கப்புறம் ஒண்ணுக்கு அடக்க முடியலன்னு எனக்குக் குடுத்தது அது. உனக்கு எதுக்கு?"

"எனக்கும் சொட்டுதுங்க. தும்முனா, இருமுனா, குடம் தூக்குனா."

"எப்பலேர்ந்து?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து."

"அவன் பொண்ணே காலேஜ் போவுது! இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்னுதான சொல்லியிருப்பீங்க?"

இரண்டு நிறுத்தங்கள் கடந்த பிறகு பெரியவர் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"ஒண்ணுக்குப் போறத நடுவுல நிறுத்துற மாதிரி உள்ளுக்கு இழுத்துப் புடி. அப்புறம் மெதுவா விடு. மூச்ச அடக்காத, வயித்த இறுக்காத."

அந்த அம்மா சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி செய்து பார்த்தார்.

"சரியா செய்றனான்னு தெரியலயே."

"பிசியோதெரபி அம்மாதான் பாத்துச் சொல்லணும். வியாழக்கெழம நீயும் கூட வா. மொதல்ல உன்னக் காட்டுவோம். நான் அப்புறம் காட்டிக்கிறேன்."