மூடி எழும்பியது, இறங்கியது

மத்தியானம் மூன்று மணி. ஈ காக்கை இல்லாத வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட வயல்...

சிரிக்காதீர்கள். ராத்திரியில்தான் வரவேண்டும் என்று பேய்க்கு யாரும் டைம்டேபிள் போட்டுக் கொடுக்கவில்லை. அந்த டார்ச்சை அணைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். ஹாஸ்டலுக்குக் கரண்ட் வர இன்னும் நேரமாகும்.

நம் அறை மூலைக்கட்டில்காரன் இருக்கிறானே, அவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது இது. டீசல் மெக்கானிக். பட்டப்பெயர் சைலன்சர். வாயை மூடவே மாட்டார், அதனால். ஓடுகிற என்ஜினைவிடச் சத்தமாகப் பேசுவார்.

அன்றைக்கு அவர் மொபெட்டில் போனது மச்சான் வீட்டுக்கு. மச்சான் என்றால் சித்தியின் ஒரே தம்பி, நம் மூலைக்கட்டில்காரனுக்கு மாமா. பழைய டிராக்டர் ஒன்றை வாங்கியிருந்தான். வாங்கிய நாளிலிருந்து ஒரே புகை. கிளம்பும்போது சித்தி வாசல்வரை வந்தாள்.

"அவன் ஒரு வெகுளி. கையக் கிய்யச் சுட்டுக்கப் போறான். பாத்துக்குங்க."

"உன் தம்பிய முழுசாத் திருப்பித் தரேன். போதுமா?"

முழுசாக என்றார். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தகரக் கொட்டகை. உள்ளே கருகிய ஆயில் நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு வாடை... ரொம்ப நேரம் தூங்கி எழுந்தவன் வாய் மாதிரி. மச்சான் சாவியைத் திருப்பினான். டுக்... டுக்... டுக். புகை நீலமாக வந்தது.

"கறுப்பா வந்தா காத்துப் பத்தலன்னு அர்த்தம். வெள்ளையா வந்தா டீசல் எரியல. நீலமா வந்தா, என்ஜின் தன் ஆயிலத் தானே குடிக்குது" என்று பாடம் எடுத்தார் சைலன்சர். "உள்ள ரிங்கெல்லாம் தேஞ்சு போச்சு மச்சான். நல்லாப் பாத்துதான் வாங்கியிருக்க."

"பெயின்ட் நல்லா இருந்துச்சு அத்தான்."

அடுத்தது மூடிச் சோதனை. ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அதே வாய்மேல் தலைகீழாக வைப்பார்கள். என்ஜின் தேய்ந்திருந்தால் உள்ளேயிருந்து தள்ளும் காற்றில் மூடி தடதடவென்று ஆடும். இந்த மூடி ஆடவில்லை. மெல்ல எழும்பியது... கொஞ்சம் நின்றது... இறங்கியது. மறுபடி எழும்பியது.

"தூங்குற மாதிரி இல்ல?"

"ஆமா. உன்ன மாதிரியே, வேலை நேரத்துல."

என்ஜினை நிறுத்தினார். உள்ளே சேரும் காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது அடைத்திருக்கிறதா என்று பார்க்க, வாயை வைத்து ஒரு ஊது ஊதுவது மெக்கானிக்குகளின் வழக்கம். எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எப்போதும் அவரேதான் ஊதுவார். அன்றைக்குப் பேச்சு சுவாரஸ்யத்தில் அவர் வாய் காலியில்லை.

"நீ ஊது" என்றார்.

மச்சான் ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான்... ஒரு மனிதனுக்குள் அவ்வளவு காற்று இருக்காது. வாயை எடுத்தபோது பளக் என்று ஒரு சத்தம்.

"நான் ஊதல அத்தான். அது... உறிஞ்சுச்சு."

டுக்.

சாவி சைலன்சரின் சட்டைப்பையில் இருந்தது.

டுக். டுக். டுக்டுக்டுக்... என்ஜின் வெறிபிடித்து அலறியது. தகரம் அதிர்ந்தது. நீலப் புகையில் எதிரே இருந்த மச்சான் தெரியவில்லை. நிறுத்தும் கம்பியை இழுத்தார். நிற்கவில்லை. டீசல் குழாயையே அறுத்துவிட்டார். நிற்கவில்லை.

"பயப்படாத! தேஞ்சது சில நேரம் இப்படித்தான், ஆயிலக் குடிச்சே ஓடும். காத்த அடைச்சா நின்னுடும்!" என்று கத்தி, ஒரு பலகையை எடுத்து என்ஜின் காற்றிழுக்கும் வாயில் அழுத்தினார். சத்தம் சட்டென்று தாழ்ந்தது. பின்னால் பொத்தென்று ஏதோ விழுந்தது.

மச்சான். இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்திருந்தான். உதடு நீலம்.

பலகையை எடுத்தார். மச்சானுக்கு மூச்சு வந்தது. என்ஜினும் ஓடியது.

நம்பமுடியாமல் இன்னொரு தடவை அழுத்தினார். மறுபடி அவன் கண் செருகியது. மூன்றாம் தடவை அழுத்த அவருக்குக் கை வரவில்லை. அது தெரிந்த மாதிரி என்ஜினும் அலறலை விட்டு நிதானமாக ஓடத் தொடங்கியது. டுக்... டுக்... மூடி எழும்பியது, இறங்கியது. மச்சானின் நெஞ்சும் அப்படியே.

மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாதை வளைவு தாண்டவில்லை, அவனுக்கு மூச்சு நின்றது. திருப்பிக் கொண்டுவந்தார். டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். "ஒண்ணுமே கேக்கல. மொதல்ல அந்த டிராக்டர நிறுத்துங்க" என்றார். யாரும் நிறுத்தவில்லை.

ஆயில் குறைந்தால் மச்சானின் முகம் வெளுத்தது. ஊற்றினால் தெளிந்தது. அதனால் ஊற்றுகிறார்கள். குடும்பமே முறைவைத்து. சித்தி தன் புருஷனிடம் ஒரே ஒருதடவைதான் கேட்டாளாம்... "முழுசாத் தரேன்னீங்களே." அதற்கப்புறம் சைலன்சர் யாரிடமும் பேசுவதில்லை.

மூலைக்கட்டில் ஏன் காலி என்று சாயங்காலம் கேட்டீர்கள் இல்லையா? இந்த வாரம் அவன் முறை. கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் செய்தான். பின்னால் சித்தி அழுகிற சத்தம்.

"மாமாவுக்கு மூச்சு முட்டுதுடா. அந்தக் குழாய் அடைச்சிருக்கு போல. சித்தப்பா போயி வாய வச்சாரு, அவரால முடியல. கீழ உக்காந்துட்டாரு... யாராவது ஊதியாகணும்டா."

"நீ ஊதாதே" என்று சொன்னேன். அதற்குள் போனை வைத்துவிட்டான்.

அப்போதிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். எடுக்கிறான். எடுத்தும் பேசமாட்டேன் என்கிறான். இருங்கள், ஸ்பீக்கரில் போடுகிறேன். யாரும் பேசாதீர்கள்...

கேட்கிறதா?

டுக்... டுக்... டுக்...