இரும்பு வழிவிட்ட அன்று

— போதும் அண்ணி, விட்டுடுங்க. சாயங்காலம் கோபால்ட் டப்பாவைத் திருப்பி எடுத்துட்டுப் போக ஆள் வருது. அப்புறம் இந்த லேப் ரூமே நமக்கு இல்ல.

— சாயங்காலம்தானே? இரும்புத் தகட்டைப் பிடி தம்பி. நடுவுல விரல் படாம.

— அண்ணனும் இதே மேஜையில மண்டையை உடைச்சுக்கிட்டார். கோபால்ட்லேர்ந்து காமா கதிர் வருது, இரும்பு முழுங்குது. ஆட்டினாலும் முழுங்குது, ஆட்டாட்டியும் முழுங்குது.

— ஏன்னா ஓரத்துல மட்டும் ஒட்டினோம். கரண்ட் குடுத்ததும் கீழே இருக்கிற படிகம் அதிர்ந்தா நடு ஒரு மாதிரி ஆடுது, ஓரம் வேற மாதிரி. இன்னைக்கு முழுசும் பசை தடவியிருக்கேன்.

— ஆடினா ஆடிட்டுப் போகட்டுமே?

— எலக்ட்ரானிக்ஸ்காரன் புத்தி. இரும்போட அணுக்கரு அந்தக் கதிரை முழுங்கப் பல வழி இருக்குடா. தகடு மொத்தமும் ஒண்ணா, சரியான அளவுக்கு ஆடினா, அந்த வழிங்க ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். அப்புறம் எப்படி முழுங்கும்?

— ரெண்டு பேர் ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு, யாருமே உள்ள போக முடியாத மாதிரி.

— அப்படியே வச்சுக்கோ. அதிர்வைக் கூட்டு. மெதுவா.

— தகட்டைத் தாண்டி வர்ற கதிரோட எண்ணிக்கை ஏறுது.

— பேசாம கூட்டு.

— இன்னும் ஏறுது அண்ணி. தப்பா நினைக்காதீங்க, டிடெக்டர் கெட்டுப் போச்சோ?

— நீ கட்டின டிடெக்டர். நீயே சொல்லு.

— நல்லாத்தான் இருக்கு. தகடு கழண்டு விழுந்திருக்குமோ?

— அதிர்வை நிறுத்திப் பாரு.

— இறங்கிடுச்சு. பழையபடி முழுங்குது.

— கழண்டு விழுந்திருந்தா இப்போ முழுங்குறது யாரு, நீயா? மறுபடியும் போடு.

— ஏறுது... நின்னுடுச்சு. உச்சத்துல நிக்குது.

— அந்த அளவைத் தாண்டிக் கூட்டு.

— அட, இப்போ குறையுது.

— குறையணும். கணக்கு சொன்ன இடத்துல மட்டும்தான் இரும்பு வழிவிடும்.

— அப்போ வழிவிட்டுடுச்சா அண்ணி?

— விட்டுடுச்சு. கண்ணாடி வெளிச்சத்தை விடுற மாதிரி.

— முதல்ல உட்காருங்க. ஏன் அழுறீங்க?

— சிரிக்கிறேன்டா.

— அண்ணன் போய் ஒரு வருஷம்கூட ஆகல. அவர் ஆசையை நிறைவேத்திட்டீங்க.

— ஆசையா? ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, "இரும்பு வழிவிடவே விடாது, உன் கணக்கு தப்பு"ன்னு சாதிச்ச மனுஷன். நான் பதில் சொல்றதுக்குள்ள கண்ணை மூடிட்டார். இன்னைக்குத்தான் சொல்லி முடிச்சேன்.