முத்துச்செல்விக்கு நான் கொடுத்த மாத்திரை

எங்கள் வீட்டில் காபிக்குச் சர்க்கரை போடுவதுகூட நான்தான், ஐயா. தங்கை முத்துச்செல்விக்கு அளவு பிடிபடாது. நான் வடகரையில் அறிவியல் வாத்தியார். சோதிக்காமல் எதையும் நம்புகிறவன் இல்லை.

மகள் ஜெயபிரியாவைப் பெற்ற பிறகு அவளுக்கு மனநோய் கண்டது. சில காலம் தூங்காமல் பாடுவாள், ஊரையே விருந்துக்குக் கூப்பிடுவாள். பிறகு பாயைவிட்டு எழுந்திருக்கவே மாட்டாள். புருஷன் விட்டுப் போனான். சொந்தக்காரர்கள் செய்வினை என்றார்கள், குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தால் பித்தம் இறங்கும் என்றார்கள். நான்தான் தென்காசியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூளையில் ஒரு ரசாயனம் ஏறுமாறாகிவிட்டது, மாத்திரை அதைச் சரிசெய்யும் என்றார். மாத்திரையை அவளிடம் விடாமல் நீங்களே கையில் கொடுங்கள் என்றும் சொன்னார். அன்றுமுதல் என் உள்ளங்கையிலிருந்துதான் எடுத்து விழுங்கினாள். நன்றாகவும் இருந்தாள். செங்கோட்டையில் தையல் கடை போட்டாள்.

சமீபத்தில் செல்போனில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை படித்தேன். அந்த ரசாயனக் கதைக்குப் போதிய ஆதாரம் இல்லையாம். டாக்டரிடமே போய்க் கேட்டேன்.

"ஜனங்களுக்குப் புரியட்டும்னு அப்படிச் சொல்லுததுதான், சார். காரணம் இன்னும் முழுசாத் தெரியாது. ஆனா மாத்திரை கேக்குது. அதுக்கு ஆதாரம் இருக்கு" என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தக் கதையை நான் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். காரணத்தில் ஏமாற்றியவர் மருந்தில் மட்டும் யோக்கியரா?

ஆகவே சோதித்தேன். அதே போல வெள்ளையாக இருக்கும் கால்சியம் மாத்திரையைக் கொடுத்தேன். ஆராய்ச்சிகளிலும் வெறும் மாத்திரை கொடுப்பது உண்டு. எது எதுவென்று விழுங்குகிறவருக்குத் தெரியக் கூடாது.

கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவள் தூக்கத்தை விட்டாள். கடையில் வாடிக்கைக்காரர்களின் துணியையெல்லாம் துண்டு துண்டாக வெட்டிப்போட்டாள். நோய் திரும்புவது அவளுக்கே தெரிந்துவிட்டது.

"அண்ணே, பழைய மாதிரி வருதுண்ணே. பயமா இருக்கு. மாத்திரை சரியாத்தான குடுக்க?"

"சரியாத்தாம்ட்டி குடுக்கேன்."

"ஒன்ன நம்பாம வேற யார நம்பப் போறேன்" என்று சொல்லிவிட்டு விழுங்கினாள்.

நிஜ மாத்திரை பீரோவில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். பாதியில் விட்டால் சோதனை கெட்டுவிடும் என்று கொடுக்கவில்லை.

அன்று குற்றாலத்து அருவியில் வெள்ளம். உங்கள் போலீஸ்காரர்கள் கயிறு கட்டி யாரையும் விடவில்லை. அவள் பாடிக்கொண்டே கயிற்றுக்குள் குனிந்து போனாளாம். மறுநாள்தான் உடம்பு கிடைத்தது.

மாத்திரையை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். நான் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இதில் ஏமாற்றப்பட்டவன் நான். ஒருத்தியை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஜெயபிரியாவுக்கும் அதே நோய் என்று இப்போது அதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தாயைப் போலவே அவளும் என் கையிலிருந்துதான் வாங்குவாள். சாப்பாட்டு நேரத்துக்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா.