பத்துப் புதுத் தாள்கள்

தலைமை தாங்கும் நீதிபதி ஸ்ட்ரௌட் அவர்களே, சோளக் கொல்லையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையோடு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நான் எழுந்தால் பொழுது சாயும் என்று அறிந்தே கதவோரம் இடம்பிடித்த நண்பர்களே! ஹார்லன் துறை வங்கியில் பதினெட்டு ஆண்டுகள் பணத்தாள் மாற்றிக் கொடுத்த லெமுவேல் ஆஷ்பி உங்களை வணங்குகிறேன். பொறுத்தருளுங்கள். குறிப்பு இல்லாமல் எனக்குப் பேச வராது. நான்கு குறிப்புகள்:

1. முதல் குடியரசுத் தலைவர் தேசிய வங்கியை உண்டாக்கிய விதம்.
2. நான்காம் தலைவர் அதை இழந்து, மீண்டும் பெற்ற விதம்.
3. ஏழாம் தலைவர் அதை வீழ்த்திய விதம்.
4. ஆகவே இன்றைய அழிவுக்குத் தலைநகரமே பொறுப்பு. இந்த ஊரில் எவர்மீதும் குற்றமில்லை.

சென்ற மாதம் நாடெங்கும் வங்கிகள் தாங்கள் அச்சிட்ட தாளுக்கு வெள்ளி தர மறுத்தன. நம் வங்கியும் மறுத்தது. நம் வங்கித் தாளை முழு மதிப்புக்கே ஏற்போம் என்ற உறுதிமொழியில் உங்களைக் கையெழுத்திடச் செய்யத்தான் நீதிபதி என்னை மேடை ஏற்றியிருக்கிறார்.

முதல் குறிப்பு. போரில் வென்ற நாட்டிடம் என்ன இருந்தது? கடன் இருந்தது, கந்தல் இருந்தது, கால்காசுக்குப் பெறாத தாள் இருந்தது. வங்கிச் சட்டம் தன் மேசைக்கு வந்தபோது வாஷிங்டன் உடனே ஒப்பமிட்டாரா? இல்லை. அமைச்சர்களை எழுதித் தரச் சொன்னார். ஒருவர் கூடாது என்றார், ஒருவர் கூடும் என்றார். இரண்டையும் வைத்துக்கொண்டு நாட்களைக் கடத்திப் பிறகுதான் ஒப்பமிட்டார். தயங்குகிறவனான எனக்கு அந்தத் தயக்கம் பிடிக்கும்.

இரண்டாம் குறிப்பு. அன்று அந்த வங்கியை எதிர்த்து முழங்கியவர் மேடிசன். அவர் தலைவரானார், வங்கியின் ஆயுள் முடிந்தது, புதுப்பிக்க ஒரே ஒரு வாக்குக் குறைந்தது. ஒரே ஒரு வாக்கு! அடுத்த ஆண்டே போர். படைக்குச் சம்பளம் எங்கே? கடன் தருபவன் எங்கே? தலைநகரம் எரிந்தது, கருவூலம் காய்ந்தது. கடைசியில், எந்தக் கை எதிர்த்ததோ அந்தக் கையே இரண்டாம் வங்கிக்கு ஒப்பமிட்டது.

மூன்றாம் குறிப்பு. ஜாக்சன் அதை நீட்டிக்க மறுத்த செய்தி வந்த நாள் நினைவிருக்கிறதா? இதே வாசலில் அவருடைய பட்டப்பெயரான ஹிக்கரி மரத்திலேயே கம்பம் நட்டோம், மாடு வறுத்தோம், விஸ்கிப் பீப்பாய் உடைத்தோம். கொல்லர் ஓபெட் ஏதோ சொல்கிறார்…

"ஆஷ்பி ஐயா, கம்பத்துக்குக் கயிறு இழுத்தது யாரு? மூச்சு வாங்க வாங்க இழுத்தீங்களே!"

ஆம், ஓபெட், இழுத்தேன். நம் தாளைச் சேர்த்துக்கொண்டு வந்து வெள்ளி கேட்கும் அந்தத் தேசிய வங்கி ஒழிந்தது என்று குதூகலித்தேன். கேட்க ஆளில்லை என்றதும் ஊருக்கு ஊர் வங்கி முளைத்தது. தாள் அடித்தது, தாராளமாய் அடித்தது, தலைகால் தெரியாமல் அடித்தது. பிறகு சென்ற ஆண்டு அதே ஜாக்சனிடமிருந்து ஓர் ஆணை: அரசு நிலத்துக்கு இனி வெள்ளியும் தங்கமும்தான். அந்த நிலத்தில் குடியேறி உழுகிறவர்கள் மட்டும் டிசம்பர் பாதிவரை தாள் தரலாம்.

இங்கே நான்காம் குறிப்புக்குப் போக வேண்டும். ஆனால் மூன்றாம் வரிசையில் மெஹிட்டபெல் குரோ அம்மாள் இருக்கிறார். கணவர் காய்ச்சலில் போனபின் எண்பது ஏக்கர் அரசு நிலத்தைத் தனியாகத் திருத்தியவர். அதன் விலையான நூறு டாலரைச் சேர்த்து, நவம்பர் கடைசியில் என் மேசைக்கு வந்தார்.

"ஐயா, இதுல பிலடெல்பியா வங்கித் தாளும் இருக்கு. அழுக்கேறிக் கெடக்கு. அங்க வாங்குவாங்களா?"

"என்னம்மா இது, எட்டு வங்கித் தாளைக் கலந்துகிட்டுப் போனா ஒவ்வொண்ணாப் புரட்டிட்டு இருப்பான். எல்லாத்தையும் நம்ம தாளா மாத்தித் தர்றேன். பத்து டாலர் தாள், பத்தே பத்து. எண்ணவும் சுலபம்."

"நீங்க சொன்னா சரிதான்."

நான்கு நாள் நடந்து நில அலுவலகம் போனார். அதிகாரி அந்தப் புதுத் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம்: "இது எந்த ஊரு வங்கி? எங்க பட்டியல்லயே இல்லையே!"

பட்டியலில் இருந்த அந்த அழுக்குப் பிலடெல்பியா தாளை அவர் வாங்கியிருப்பார். அம்மாள் இங்கே திரும்பி, வேறு தாள் தேடிக்கொண்டு மறுபடி போவதற்குள் கெடு முடிந்தது. கிழக்கிலிருந்து வந்த ஒருவர் வெள்ளிப் பையை வைத்து அந்த எண்பது ஏக்கரை வாங்கினார். குடிசையும் அதில்தான். கணவரின் கல்லறையும் அதில்தான். அம்மாளே எழுந்து பேசுகிறார்…

"பழசைக் கிளறாதீங்க, ஆஷ்பி! கடைக்காரர் பத்து டாலர் தாள் ஒண்ணுக்கு மூணு டாலர்தான் தருவேங்கறாரு. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க? அதச் சொல்லுங்க."

சொல்கிறேன், அம்மா. வாஷிங்டனா அந்தத் தாளை மாற்றினார்? மேடிசனா மாற்றினார்? ஜாக்சனா மாற்றினார்? தலைநகரத்துக் கையா அது? இந்தக் கை! என் வங்கித் தாள் வரிசையாக இருந்தால் அழகு என்று எண்ணிய இந்தக் கை!

நீதிபதி அவர்களே, முகம் சுளிக்காதீர்கள். நம் தாள் நல்ல தாள் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டகத்துச் சாவி பதினெட்டு ஆண்டுகள் என் இடுப்பில் இருந்தது. உள்ளே இருப்பது உங்கள் உறுதிமொழியைத் தாங்காது. ஊர் முழுவதும் கையெழுத்திட்டாலும் அது வெள்ளியாகாது. நான் கேட்பது, அம்மாளின் அந்தப் பத்துத் தாள்களை மட்டும் முழு மதிப்புக்கு வாங்கிக்கொள்ளும்படி. என் சவப்பெட்டிக்காக வைத்திருந்த முப்பது வெள்ளி டாலர் இதோ, மேசைமேல். அதற்கு மூன்று தாள். மற்ற ஏழுக்கு யார் வருகிறீர்கள்?

எவரும் எழவில்லை. எழமாட்டீர்கள் என்றே அஞ்சினேன். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் இதே தாள்தான். ஏழுக்கும் ஆள் வந்தாலும் நிலம் திரும்பாது என்பதும் எனக்குத் தெரியும்.

இதுவரை பொறுத்த பெரியோர்களுக்கு நன்றி. அழுத பிள்ளையை அடக்கி அமர்ந்திருந்த தாய்மார்களுக்கு நன்றி. குறுக்கே பேசி என்னை உண்மைக்கு இழுத்த ஓபெட்டுக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

குறிப்புத் தாளை மடிக்குமுன் ஒரு திருத்தம். முதல் மூன்று குறிப்புகளும் சரி. நான்காவது தவறு.