எல்லாரும் அட்மின்

இல்லம்மா, அந்த சத்தம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. நீங்க இண்டர்நெட்டப் பாக்க ஆரம்பிச்சப்ப அது வாய மூடிக்கிச்சு. அப்பல்லாம் இண்டர்நெட் போன் லைன்லதான் வரும். மொதல்ல ரெண்டு டக் டக். அப்புறம் ஒரு நீள விசில். அப்புறம் தகரத்த மணல்ல போட்டு இழுக்கற மாதிரி ஒரு கரகரப்பு. எல்லாம் ஓஞ்சு திடீர்னு அமைதியாகும் பாருங்க, அப்ப உள்ள போயிட்டோம்னு அர்த்தம். என் தங்கச்சி அந்த சத்தத்த அப்படியே வாயால போடுவா. சாப்பிட உக்காந்தா போடுவா, கதவத் தட்டறதுக்குப் பதிலா போடுவா. போன் மணி அடிக்கிற மாதிரியும் பண்ணுவா. அம்மா எத்தனையோ தடவ ஏமாந்து ஓடி வந்து ரிசீவர எடுத்து ஹலோ ஹலோன்னு கத்தியிருக்காங்க.

எதுக்கு சொல்ல வந்தேன்னா, அப்ப உள்ள போறதுக்கு ஒரு சத்தம் இருந்துச்சு. யார் போனாலும் வீடு பூரா தெரியும். இப்ப பூன மாதிரி யார் வேணா எங்க வேணா போயிட்டு வரலாம். சரி, நாற்காலிய கொஞ்சம் நகத்திக்கோங்க, ஃபேன் அந்தப் பக்கம் மட்டுந்தான் காத்து குடுக்கும். கீழ செருப்புக் கடைல பசை காயுது, அந்த வாசனைதான். பழகிடும்.

இப்ப ஒரு மெசேஜ் அனுப்புனீங்க, பாத்தேன். உங்க சைட்டோட யூசர் நேம் அட்மின். பாஸ்வேர்ட் உங்க கம்பெனி பேரு, அதுக்குப் பின்னால ஒண்ணு ரெண்டு மூணு. நாலு வரைக்கும் போக யாருக்கும் பொறுமை இல்ல போலிருக்கு. கூடவே ஒரு சிரிக்கற மூஞ்சி வேற.

நான் அழிச்சிட்டேன். நீங்களும் அழிச்சிடுங்க. உங்க சைட்டப் பாத்துக்கற வேலைய வேணாங்கல, இந்த பாஸ்வேர்ட்தான் எனக்கு வேணாம். அட, என்மேல நம்பிக்கை இருக்கறது நல்ல விஷயந்தாம்மா, சந்தோஷம். அதுவா பேச்சு? நாளைக்கு உங்க சைட்ல ஒண்ணு ஆச்சுன்னா, அது நான் பண்ணலன்னு நான் எதக் காட்டி சொல்றது? என் பேர்ல, என் மெயிலுக்கு தனியா ஒரு அழைப்பு அனுப்புங்க. எனக்கு என்ன வேலையோ அதுக்குத் தேவையான அளவு மட்டும் திறந்து விடுங்க. என் வேலை முடிஞ்சா என்னத் தூக்கிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

சரி, இந்த ஒரே பாஸ்வேர்ட வெச்சு எத்தன பேரு உள்ள போறாங்க? எண்ணுங்க, எனக்கு அவசரமில்ல. அப்பா. மாமா. கணக்குப் பாக்கறவர். அவருக்கு எதுக்கு? சும்மா இருக்கட்டும்னு. சரி. போட்டோ ஏத்தற பொண்ணு. டிசைன் பண்ணிக் குடுத்தவர். அவருதான் வேலைய விட்டுப் போயிட்டாருன்னீங்களே? போனவருக்கு இன்னும் தெரியுமா? ஏன் மாத்தல? மாத்துனா மறுபடி எல்லாருக்கும் சொல்லணும். அடேயப்பா, எவ்வளவு பெரிய கஷ்டம்! அதனால ஆபீஸ விட்டுப் போனவங்க எல்லாரும் வாசல் சாவியப் பையில போட்டுக்கிட்டே ஊர் சுத்தறாங்க.

வேற? என்ன சொன்னீங்க? திரும்ப சொல்லுங்க. அறிவிப்பு குடுக்கற வீட்டுக்காரங்களுக்கா? வீட்ல ஒருத்தர் காலமாயிட்டார்னு அழுதுக்கிட்டே உங்ககிட்ட வர்றாங்க. வாழ்த்து போடற அதே சைட்ல அஞ்சலி அறிவிப்பு போடறீங்க. அதுல பேரன் பேரு விட்டுப் போச்சு, தேதி தப்பா இருக்குன்னு போன் பண்றாங்க. நீங்களே உள்ள போய்த் திருத்திக்கோங்கன்னு இதே பாஸ்வேர்டக் குடுத்துடறீங்க. அதாவது அவங்க வீட்டு அறிவிப்ப மட்டுமில்ல, ஊர்ல யார் வீட்டு சாவ வேணா அவங்க திருத்தலாம். செத்தவர எழுப்பலாம், இருக்கறவரப் படுக்க வெக்கலாம். இந்த அதிகாரம் கடவுளுக்கே தனி லாகின்லதாம்மா குடுத்திருப்பாங்க.

சிரிங்க, சிரிங்க. இன்னொண்ணும் சொல்றேன். உங்க சைட்லயே எங்களப் பத்தின்னு ஒரு பக்கம் இருக்குல்ல? அதுல ஆபீஸ் ஆண்டு விழா போட்டோ. எல்லாரும் கேக்கு மேல குனிஞ்சு நிக்கறீங்க. பின்னால சுவத்துல, தண்ணி கேனுக்கு மேல, மஞ்சத் தாளு ஒண்ணு ஒட்டியிருக்கு. விரல வெச்சுப் பெருசு பண்ணிப் பாருங்க. தெரியுதா? ஒண்ணு ரெண்டு மூணு கூட நல்லா தெளிவா இருக்கு. யாரு எழுதுனாங்களோ, கையெழுத்து அழகு.

போட்டோவ அப்புறமா எடுக்கலாம், இருங்க. இத்தன நாள் இருந்துச்சு, இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா ஒண்ணும் ஆகாது.

பிரச்சனையே வந்ததில்லையா? ஒரே ஒரு தடவயா? சொல்லுங்க. ஓ, தாத்தா கதை. நானும் கேட்டிருக்கேன், பரவாயில்ல, உங்க வாயால சொல்லுங்க. உங்க வீட்ல எப்படி சொல்றாங்கன்னு பாப்போம்.

ம். தாத்தா நல்லா உயிரோட இருக்கறப்பவே சைட்ல அவர் காலமானார்னு போட்டோவோட வந்துடுச்சு. ம். போன் மேல போன். அப்பா ஆபீஸ்ல தலையில கை வெச்சுக்கிட்டு நிக்கறாரு. அதுக்குள்ள வீட்டுக்கு மலர்வளையம் வந்துடுச்சு. தாத்தாவே கதவத் திறந்தாரு. வீட்ல யாரு தவறுனாங்கன்னு கொண்டு வந்த ஆள் மெதுவா கேக்க, நான்தாம்ப்பான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சாரு. நல்லாத்தான் இருக்கு. நானும் சிரிச்சேன் பாருங்க. அவரு அப்படித்தான் சொல்லியிருப்பாரு.

அப்புறம்? அவ்வளவுதானா? யாரு போட்டாங்கன்னு சொல்லலியே. டைப் பண்ற அக்கா விளையாட்டுக்குப் போட்டுட்டாங்க, அப்பா வேலைய விட்டு அனுப்பிச்சிட்டார். ஒரு மலர்வளையத்துக்கு இவ்வளவு நீட்டி முழக்கி சொன்னீங்க. ஒரு மனுஷிக்கு ஒரே வரி.

அவங்கதான்னு எப்படித் தெரிஞ்சுது? இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இது என் தொழிலு. சைட்ல யார் உள்ள வந்தாங்க, யார் என்னத்த மாத்தினாங்கன்னு பதிவாகும். அன்னிக்கும் பதிவாயிருக்கும். என்ன இருந்திருக்கும் அதுல? அட்மின். அட்மின் வந்தார், அட்மின் போட்டார், அட்மின் போனார். அட்மின்னா யாரு? உங்கப்பா. உங்க மாமா. கணக்கர். போனவரு, வந்தவரு, அழுதவரு. எல்லாரும் ஒரே முகமூடியப் போட்டுக்கிட்டு ஒரே வாசல்ல போயிட்டு வந்தா, உள்ள ஒரு பாத்திரம் உடைஞ்சப்ப யாரப் பிடிக்கறது? கைக்கு யாரு எட்டறாங்களோ அவங்கள.

ஆமா, அவங்க விளையாட்டுப் புத்திதான். நீங்க பாத்திருக்கீங்களா? போன் மாதிரியே சத்தம் போட்டு உங்கப்பாவ டாய்லெட்லேர்ந்து ஓடி வர வெச்சாங்களா? அது எனக்கும் தெரியும். அன்னிக்கு உங்கப்பாவும் சிரிச்சாரு. நாலு பேரு சிரிக்கற வரைக்கும் அது திறமை. ஒரு தப்பு நடந்துச்சு பாருங்க, உடனே அதுவே சாட்சி ஆயிடுச்சு. இப்படி விளையாடறவதானே, இதையும் பண்ணியிருப்பா. எல்லாரையும் அந்த நீள ரூம்ல, பிரிண்டர் பக்கத்துல வரிசையா நிக்க வெச்சு உங்கப்பா கேட்டாரு. உங்க மாமாதான் மெதுவா அவங்க பக்கம் திரும்பிப் பாத்தாரு. அவ்வளவுதான். வேற எதுவும் தேவைப்படல. அத்தன பேரும் திரும்பினாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியும். முடிச்சிடறேன் இருங்க.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். வந்து உக்காந்ததுமே பெருமையா சொன்னீங்க, காலேஜ் லீவுல அப்பா ஆபீஸ்ல நானும் சைட் வேலையெல்லாம் பாத்திருக்கேன், அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு. அது எந்த வருஷம்? தாத்தா அறிவிப்பு வந்த அதே வருஷந்தானே? அப்ப உங்க கையிலயும் பாஸ்வேர்ட் இருந்துச்சு.

நீங்க போடல. சரி. போடலன்னு காட்டுங்க.

ஏம்மா முகம் இப்படிப் போகுது? தண்ணி குடிங்க. நான் உங்கள ஒண்ணும் சொல்லல. நீங்க பண்ணலன்னு சொல்றீங்க, நான் நம்பறேன். நம்பத்தான் முடியும், பாக்க முடியாது. அந்த வாரம் தாத்தாவுக்குப் பொறந்தநாள் வந்துச்சில்ல? வாழ்த்து போடணும்னு உங்க மாமா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு. எல்லார்கிட்டயும் சொன்னா என்ன அர்த்தம், யார்கிட்டயும் சொல்லலன்னு அர்த்தம். உங்க ஆபீஸ்ல வழக்கம் என்ன? புதுப் பக்கம் யாரும் திறக்கறதில்ல. பழைய அறிவிப்பு ஒண்ண எடுத்து, அது மேலயே பேரையும் போட்டோவையும் மாத்திப் போடறது. வாழ்த்துக்கும் அதான், அஞ்சலிக்கும் அதான். யாரோ ஒருத்தர் வாழ்த்துன்னு நினைச்சு அஞ்சலிய எடுத்துட்டாங்க. பூ படமெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதானே. விளையாட்டும் இல்ல, வினையும் இல்ல. கவனக்குறைவு. அவ்வளவுதான் இருந்திருக்கும்.

தாத்தா போட்டோவ யாரு ஏத்துனாங்க?

ஓ. நீங்களா. போட்டோ மட்டுந்தான் ஏத்துனீங்களா, இல்ல... ஞாபகமில்ல. சரி. விடுங்க. நான் கேக்கல. பாத்தீங்களா, இப்ப உங்களுக்கே உங்கமேல ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சில்ல? அதான். அதத்தான் சொல்றேன். அந்த அக்காவுக்கும் அப்படித்தான் ஆச்சு. மொதல் மாசம் நான் பண்ணலன்னு கத்துனா. அப்புறம் மெதுவா சொன்னா. அப்புறம் ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கிட்டே, ஒருவேள நான்தான் போட்டிருப்பனோ, அன்னிக்கு தல வலிச்சுது, பத்து அறிவிப்பு வரிசையா போட்டேன், கை தன்னால போயிருக்குமோன்னு கேட்டா. பண்ணலன்னு ஊருக்கு நிரூபிக்க முடியலன்னா போகட்டும். தனக்கே நிரூபிச்சுக்க முடியலன்னா என்னம்மா பண்றது? ஆளுக்கொரு லாகின் குடுத்திருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அவ பண்ணியிருந்தாலும் பண்ணேன்னு தெரிஞ்சு தலையக் குனிஞ்சுட்டு அடுத்த வேலையப் பாத்திருப்பா.

உங்க தாத்தா நல்ல மனுஷன். உங்க வீட்லேர்ந்து அவர் ஒருத்தர்தான் வந்தாரு. குச்சிய ஊனிக்கிட்டு மாடி ஏறி வந்து, செத்தது நான், எனக்கே கோவமில்ல, உனக்கென்னம்மா, எங்க அந்த போன் சத்தத்த ஒரு தடவ போடு கேப்போம்னாரு. அவ தண்ணி கொண்டு வந்து வெச்சிட்டு உள்ள போயிட்டா. அவரு ரொம்ப நேரம் அந்த டம்ளரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான்தான் கையப் பிடிச்சு வாசப்படி இறக்கி விட்டேன்.

ஆமா, நான்தான். என் வீட்டுக்குத்தானே வந்தாரு. என் தங்கச்சிதாம்மா அது.

உக்காருங்க, எதுக்கு எழுந்திருக்கீங்க? உங்க கம்பெனி பேர போன்ல சொன்னப்பவே எனக்குத் தெரியும். வரட்டும்னுதான் இருந்தேன். தாத்தா அப்புறம் நிஜமாவே போனப்ப சைட்ல பாத்தேன். அதே போட்டோ, அதே பூ, அதே வரி. பழச எடுத்து தேதிய மட்டும் மாத்திப் போட்டிருந்தீங்க. பாதிப் பேரு இதுவும் விளையாட்டுன்னு நினைச்சு வரவே இல்லையாமே? உண்மையா? ம்.

வேலைய எடுத்துக்கறேன், பயப்படாதீங்க. ஆனா நான் சொல்றபடிதான். சைட் உங்க கம்பெனி பேர்ல இருக்கணும், என் பேர்லயும் இல்ல, மாமா பேர்லயும் இல்ல. ஓனர் ரெண்டு பேர், நீங்களும் அப்பாவும். மத்தவங்களுக்கு அவங்கவங்க பேர்ல, அவங்கவங்க வேலைக்கு வேண்டியது மட்டும். கணக்கர் உள்ள வர வேண்டாம், அவரு கணக்கப் பாக்கட்டும். அறிவிப்பு குடுக்கற வீட்டுக்காரங்களுக்கு ஒரு லிங்க், அது அவங்க பக்கத்த மட்டும் காட்டும், வேலை முடிஞ்சதும் தானா மூடிக்கும். அதுலயும் அவங்க திருத்தத்த எழுதி அனுப்பலாம், போடறது நீங்கதான். உள்ள நுழையறப்ப போனுக்கு ஒரு நம்பர் வரும், அத யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, நான் கேட்டாலும். யாராவது வேலைய விட்டுப் போனா, வழியனுப்பற கேக்க வெட்டறதுக்கு முன்னாடி லாகின வெட்டுங்க. அப்பா திட்டுவாரா? என்கிட்ட அனுப்புங்க. அவரையும் இதே நாற்காலில உக்கார வெக்கறேன்.

போங்க. மொதல்ல போய் அந்த மஞ்சத் தாளக் கிழிங்க.

யாரு, தங்கச்சியா? சட்டை தைக்கற கம்பெனில காலர் வெக்கறா. கம்ப்யூட்டரத் தொடறதில்ல, சத்தமும் போடறதில்ல. அங்க ஒவ்வொரு காலருக்கும் உள்பக்கம், தைச்சவங்க நம்பர் சின்னதா ஒரு துணில இருக்கும். அவ நம்பர் நாப்பத்தொண்ணு.