புழுக்கையில் மானின் உயிரைப் படித்த பஞ்சம்மாள் அம்மையாருக்கு

நுண்ணோக்கியின் முன் நெடுங்காலம் குனிந்தும், எவர் முன்னும் அஞ்சிக் குனியாத அன்னையே! அருப்புக்கோட்டை நெசவுக் குடியில் பிறந்து, இழை எண்ணிய இல்லத்திலிருந்து புழு முட்டை எண்ண வந்த புதுமையே! கால்நடை மருந்தக ஆய்வகத்தில் முப்பத்தோராண்டு பணி முடித்து, இந்த 1996 ஜூனில் ஓய்வுபெறும் பஞ்சம்மாள் அம்மையார் அவர்களே! புகழை அடுக்கினால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால், நடந்த ஒன்றை மட்டும் இம்மன்றத்தில் உரைக்கிறோம்.

1987 வைகாசி. பரளச்சிப் பக்கத்துக் கண்மாய் வறண்டு, நடுக்குழியில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதன் ஓரத்துப் புல்லில் ஆடும் மேய்ந்தது, புள்ளிமானும் மேய்ந்தது. ஒரே வாரத்தில் எட்டு ஆடுகளும் ஐந்து மான்களும் செத்து விழுந்தன. ஆட்டையும் ஆளையும் ஒருசேரக் கொல்லும் அடைப்பான் நோய் என்று ஊரே நடுங்கியது. பெற்றவர்கள் பிள்ளைகளை வாசல் தாண்ட விடவில்லை.

மருத்துவர் சென்னகேசவன் வெளியூர் போயிருந்தார். அம்மையார் தனியே சென்று, செத்த மானின் காதைக் கீறி இரத்தம் எடுத்தார். கத்தி நழுவி, கையுறையைக் கிழித்து, அவர் விரலிலும் கீறியது. நோய் அடைப்பானாக இருந்தால், அடுத்த சாவு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும்.

அவர் நிமிர்ந்தபோது, ஆட்டுக்கார நல்லகண்ணு பருத்திக்கு அடிக்கும் விஷமருந்து டப்பாவோடு குழியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

“இந்த நோவு மானு கொண்டாந்தது தாயி. இதக் கலந்துவிட்டா அம்புட்டும் ஒழிஞ்சிரும்.”

“நாளைக்குப் பொழுது சாயுற வரைக்கும் பொறுங்க. என்னான்னு பாத்துச் சொல்றேன்.”

நல்லகண்ணு, அம்மையாரின் இரத்தம் கசியும் விரலைப் பார்த்தார். “அதுக்குள்ள நீயும் செத்துட்டா யாரு சொல்லுவா?”

அம்மையார் வழியை விட்டு விலகவில்லை. நல்லகண்ணு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆய்வகம் திரும்பியதும் உதவியாளர் குருவம்மாளிடம், “எனக்குக் காய்ச்சல் கண்டா, எம் பிள்ளைகளக் கிட்ட விடாத” என்று மட்டும் சொன்னார். இரத்தத்தைச் சாயமிட்டு மூன்று முறை பார்த்தார். அடைப்பான் கிருமி தென்படவில்லை. கண்தான் ஏமாற்றுகிறதோ என்று நான்காம் முறையும் பார்த்தார். பிறகு, பொறுக்கி வந்த மான் புழுக்கையையும் ஆட்டுப் புழுக்கையையும் தனித்தனியே உப்பு நீரில் கரைத்தார். மிதந்து வந்தவற்றைக் கண்ணாடியில் ஏந்தி நோக்க, இரண்டிலும் ஒரே புழுவின் முட்டைகள், எண்ணி மாளாமல்!

மறுநாள் நண்பகலில் மருத்துவர் வந்து மானை அறுத்தார். இரைப்பையெங்கும் இரத்தம் உறிஞ்சிச் சிவந்த நூற்புழுக்கள். வேறு நீரின்றி எல்லா உயிரும் ஒரே குழியை அண்டியதால், ஒன்றின் புழு மற்றொன்றுக்கு ஏறியிருந்தது. பொழுது சாயுமுன் அம்மையார் ஓடிப்போய் நல்லகண்ணுவிடம் சொன்னார். நல்லகண்ணு அம்மையாரின் முகத்தைப் பார்த்து, “அப்ப நீ பொழச்சுக்கிட்ட” என்று அழுதார்.

ஆடுகளுக்குப் புழு மருந்து புகட்டப்பட்டது. வனத்துறையார் மான்களுக்கென்று காட்டோரம் தனித் தொட்டி கட்டினர். அதற்குள் மேலும் ஆறு மான்கள் மடிந்தன. அந்த ஆறும் அம்மையார் மனதை விட்டு அகலவில்லை. அன்று தொடங்கி ஒன்பதாண்டுகள், மாதந்தோறும் காடு மேடெல்லாம் புழுக்கை பொறுக்கினார். மானைப் பிடிக்காமல், மிரட்டாமல், முட்டை எண்ணியே அதன் நலிவை அறிந்தார். எண்ணிக்கை ஏறினால், மந்தை எங்கோ நெருக்கிக்கொண்டு தவிக்கிறது என்று பொருள். உடனே வனத்துறைக்கு ஓலை பறக்கும். வேறிடத்தில் தண்ணீர் நிரம்பும். சாவு வருமுன்பே அதன் சுவடு காண எங்களுக்கும் கற்பித்தார்.

அம்மா! நோய் நாடாத உடலும், நூறு தாண்டும் ஆயுளும், அச்சமின்றி விடியும் காலைகளும் வாய்க்கப் பெற்று, தாங்கள் நெடிது வாழ்க!

தங்கள் அன்பில் நனைந்த,
கால்நடை மருந்தகப் பணியாளர்கள்